அப்பன் பேர், புருஷன் பேர், சாமி பேர்

கிள்ளானிலிருந்து தெற்கே இறங்கும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் பந்திங் 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடும் என்று வரைபடம் சொல்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வரைபடத்தை மூடி வைத்துவிட வேண்டியதுதான். காரை ஓட்டியவர் அத்தை. அறுபதைத் தாண்டியவர். வழியை அடைத்துக்கொண்டு போன லாரிக்காரனை மலாயில் திட்டினார். என்னிடம் திரும்பித் தமிழில் "பசிக்குதாம்மா?" என்றார். வழி சொல்லும் கைபேசிப் பெண்குரலோடு ஆங்கிலத்தில் சண்டை போட்டார். லாரிக்காரனுக்கு மட்டும் ஏன் மலாய் என்று கேட்டேன்.

"தமிழ்ல திட்டுனா நம்ம வாய்தான் நாறும். மலாய்ல திட்டுனா வேலை பாக்குற மாதிரி இருக்கும்" என்றார்.

தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து ஒரு கேட்டைக் காட்டினார். "மலாய் படிச்சதெல்லாம் இதுக்குள்ளதான். ஸ்கூல்ல படிச்சது பரீட்சையோட போச்சு."

அத்தை என்று நான் சொல்வது அப்பாவின் அத்தை மகளை. அப்பாவின் அத்தை, அதாவது எனக்குப் பாட்டி முறை, எண்பதைத் தாண்டி பந்திங் ஊர் எல்லையில் ஒரு தாமான் குடியிருப்பில் மகளோடும் பேத்தியோடும் இருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறிய தகப்பனுக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. கோல லங்காட் மாவட்டத்தின் தலைநகர் பந்திங். ஒரு பக்கம் லங்காட் ஆறு, இன்னொரு பக்கம் மோரிப் கடற்கரை, மற்றபடி எந்தத் திசையில் திரும்பினாலும் செம்பனை. மலேசியர்கள் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் பேட்மிண்டன் என்பார்கள். ஆட்டக்காரர்களான சீடேக் சகோதரர்களின் ஊர். நான் மதுரையிலிருந்து பழைய தோட்டத்துக் கதை கேட்கப் போனேன். போன இடத்தில் கதையைவிட, அந்த வீட்டில் யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதில் காது போய் நின்றுவிட்டது.

பாட்டி இன்றுவரை புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. கூடத்தில் மாலை போட்ட படத்தைக் காட்டி "அந்த மனுசன்" என்பார். கொஞ்சம் கோபமாக இருந்தால் "ஒங்க தாத்தன்". இதனால் வந்த வினை ஒன்றை வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். அறுபதுகளில் ஏதோ பத்திரம் எடுக்க ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் "நாமா சுவாமி?" என்று கேட்டிருக்கிறார். மலாயில் சுவாமி என்றால் புருஷன். பாட்டிக்குக் கேட்டது சாமி பேர். பத்திரம் தருவதற்கு முன் குலதெய்வம் எது என்று கேட்கிற நல்ல சர்க்கார் போலிருக்கிறது என்று நினைத்து, "அய்யனாரு" என்று சொல்லிவிட்டார். அவர் எழுதிக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்ற அடுத்த லயத்துப் பெண்தான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரியான பேரைச் சொல்லித் திருத்தினாராம்.

"அப்பவும் நீங்க சொல்லலையா பாட்டி?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவதான் சொல்லிட்டாளே."

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இந்த வழக்கம் இருந்ததுதான். அங்கே அது ஊருக்குள் கிடந்தது; ஊரே அதைப் புரிந்துகொண்டது. இங்கே அந்தப் பெண்கள் வேறொரு மொழிக்காரனின் கவுண்டருக்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டியிருந்தது. பேர் சொல்லாத பெண், பேர் கேட்கும் அரசாங்கம், நடுவில் பக்கத்து வீட்டுக்காரி.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் காலை நாலரை மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தப்பு அடித்து எழுப்புவார்கள். இருட்டில் பெரட்டுக் களத்தில் வரிசை கட்டி நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி விளக்கைப் பிடித்துக்கொண்டு செக்ரோல் ஏட்டிலிருந்து பேர் வாசிப்பார். ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்றும், கல்யாணமான பெண்களைப் பாதி நேரம் "இன்னான் பொண்சாதி" என்றே கூப்பிடுவார் என்றும் பாட்டி சொன்னார். "செக்ரோல்ல எம்பேரு இருந்துச்சு. கிராணி வாயிலதான் இல்ல." அதற்குப் பிறகு ஆளுக்கொரு நிரை. உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு போனால் விடிவதற்குள் பாதி ரப்பர் மரம் சீவியாக வேண்டும். வெயில் ஏறினால் பால் கட்டிவிடும். மங்குக் கிண்ணத்தில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தூக்கி ஸ்டோரில் நிறுத்துப் போட வேண்டும். உளிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது என்றார் பாட்டி. சம்பளத்துக்குத் தெரிந்திருந்தது. அவர் அம்மா காலத்தில், 1920-களின் பிற்பகுதியில், சிலாங்கூர் போன்ற முக்கிய வட்டாரங்களுக்கு வகுக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே இருட்டு.

இந்த வட்டாரத்துக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதை வழிநடத்திய ஆர். எச். நாதனும் முன்னால் நின்றார்கள். மே மாதத்தில் நாதனைக் கைது செய்தபிறகு போராட்டம் தோட்டம் தோட்டமாகப் பரவியது; சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி இருந்தது. கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது. எங்கள் பெண்களை மேலதிகாரிகள் தொந்தரவு செய்வதை நிறுத்து என்பதும் இருந்தது.

அந்தப் பட்டியலை முதலில் படித்தபோது சைக்கிள் கோரிக்கையில்தான் மனம் நின்றது. மானத்தைக் கேட்பதற்கு அதைவிடச் சுருக்கமான வாக்கியம் கிடையாது. பெரட்டுக் கதையைக் கேட்ட பிறகு பெண்களைப் பற்றிய வரிதான் உறுத்துகிறது. அதில் பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் 'எங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிறார்கள். அந்த வரியை யார் வீட்டுப் பெண் எந்தச் சொல்லில் முதலில் சொன்னாள், யாரிடம் சொன்னாள்? ஒருத்தி வாய் திறக்காமல் அது கோரிக்கையாகியிருக்காது. ஏட்டில் ஏறும்போது அது ஆணின் குரலாகிவிட்டது.

இரண்டே வருஷத்தில் இதே தோட்டங்களிலிருந்து பெண்கள் துப்பாக்கி தூக்கப் போனார்கள் என்பது இன்னும் எனக்கு வியப்புதான். சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் அமைத்த ஜான்சி ராணிப் படையில், சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள். அவர்களில் கணிசமானோர் ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள். படையின் மொழி ரோமன் எழுத்தில் எழுதிய ஹிந்துஸ்தானி. "இன்னான் பொண்சாதி" என்று கேட்டுப் பழகிய காதுக்கு, தெரியாத மொழியில் வந்த கட்டளை எப்படி இருந்திருக்கும்? வீட்டு மொழியில் கிடைக்காத மரியாதை சில சமயம் அந்நிய மொழியில் கிடைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்தப் படைக்குப் பதினாறு வயதில் போன ராசம்மா பூபாலன் பிற்பாடு ஆசிரியராகி, 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் தொடங்கி அதன் முதல் தலைவரானார். ஆண் ஆசிரியருக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. அறுபதுகள் முடிவதற்குள் அரசாங்கம் இறங்கி வந்தது. ஆனால் அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். படையிலிருந்து தோட்டத்துக்கே திரும்பிய பெண்கள் மறுபடி உளி எடுத்தார்கள். அவர்கள் பேரும் ஏட்டில் அதிகம் இல்லை.

அத்தையின் தலைமுறைக்கு வாசல் வேறு பக்கம் திறந்தது. 1971-இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது, அடுத்த வருஷமே பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் முளைத்தன. பிறகு சிலாங்கூருக்கும் வந்தன. நுண்ணிய வேலைக்கு இளம்பெண்கள் வேண்டும் என்றார்கள். கிராமத்து மலாய்ப் பெண்களும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். ஊர் சும்மா இருக்குமா? அந்தப் பெண்களுக்கு மலாயில் 'மீனா காரான்' என்று ஒரு பட்டம் கட்டியது. காரான் என்றால் கரண்ட். கையில் காசும் உதட்டில் சாயமும் வந்துவிட்ட பெண் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். மலாய்ப் பெண்களுக்குச் சூட்டிய பட்டம்தான்; தமிழ்ப் பெண்களுக்கும் பங்கு கிடைத்தது. "தோட்டத்துல எங்களைப் பத்தி தமிழ்ல என்ன பேசுனாங்கன்னு கேக்காத. அதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார் அத்தை.

தொழிற்சாலைக்குள் மலாய்தான் பொது. அத்தை சொன்ன ஒரு விஷயத்தை நான் எந்த மொழியியல் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. சூப்பர்வைசர் தமிழர், வயதில் மூத்தவர். அவர் வேலைக் கணக்கில் தப்பு செய்கிறார் என்று மேலே புகார் சொல்ல வேண்டும். தமிழில் யோசித்தால் 'அவர்' என்று சொல்ல மனம் வரவில்லை, 'அவன்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"மலாய்ல 'டியா'ன்னா முடிஞ்சிருச்சு. மேனேஜரும் டியா, கூட்டுறவளும் டியா, நாயும் டியா. நான் போய் மொத்தக் கதையும் சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்டத் தமிழ்ல திருப்பிச் சொல்றப்ப, நான் 'அவரு'ன்னுதான் சொன்னேன்."

மலாயை ஏதோ சமத்துவ மொழி என்று எழுதிவிட்டுப் போகலாம். அதற்குப் பந்திங்கே விடாது. ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஜுக்ரா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிலாங்கூர் சுல்தான் இருந்த இடம். சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா கட்டிய பழைய அரண்மனையைப் போய்ப் பார்த்தோம். அரச பரம்பரையிடம் பேசும்போது மலாயில் 'நான்' என்பதற்கே வேறு சொல். குடிகள் தங்களைப் 'பாத்தேக்' என்று தாழ்த்திக்கொள்ள வேண்டும். சுல்தானுக்கு டியா கிடையாது. ஆக அத்தைக்குக் கிடைத்த தட்டையான மலாய், அரண்மனை மலாயும் இல்லை, பாடப்புத்தக மலாயும் இல்லை. பசாரிலும் தொழிற்சாலையிலும் பல சாதிச் சனமும் சேர்ந்து தேய்த்துத் தேய்த்து மேடுபள்ளம் போன மலாய். தோட்டத்துத் தமிழுக்கு அப்படித் தேய வாய்ப்பே வரவில்லை, ஏனென்றால் அங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் முறை தெரிந்தவர்கள்.

பேத்தி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இருபத்தெட்டு வயது. பெண் தோழியை 'டா' போட்டுக் கூப்பிடுகிறாள். பாட்டிக்கு இது ஒவ்வாது, அத்தைக்குச் சிரிப்பு. "டீ போட்டா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்குக்கா, டா போட்டா ஃப்ரெண்டு" என்று எனக்கு விளக்கினாள். அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவில் 'ஏ/பி' என்று இருக்கிறது. அனாக் பெரெம்புவான், மகள். ஆணாக இருந்தால் 'ஏ/எல்', அனாக் லெலாக்கி, மகன். வெள்ளைக்காரன் காலத்து 'சன் ஆஃப்', 'டாட்டர் ஆஃப்' மலாய்க்கு மாறிய வடிவம் இது. இந்த நாட்டில் தமிழர் பெயர் ஒன்றை எழுத்தில் பார்த்தால் ஆணா பெண்ணா என்று நடுவில் நிற்கும் அந்த எழுத்துகளே சொல்லிவிடும்.

"கல்யாணம் ஆனா மாத்துவாங்களா?"

"எதுக்கு மாத்தணும்? நான் யார் மகள்னுதானே போட்டிருக்கு. அது மாறாதுல்ல."

நான் திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்ற ரேஷன் அட்டைக்கும் வங்கிக்கும் அலைந்தவள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, மாமியார் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, ஆனாலும் எல்லோரும் செய்ததைச் செய்தேன். மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த அலைச்சல் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். பாட்டிக்கு வேறு சந்தேகம்: "பெத்தவ பேரு எங்க?" பேத்தி அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எங்கும் இல்லை.

தாய்க்கு இடமில்லாதது அட்டையில் மட்டும் இல்லை. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தன் குடியுரிமையைத் தானாகவே கொடுக்க மலேசியத் தகப்பனால் முடியும், மலேசியத் தாயால் முடியாது என்றே வெகுகாலம் இருந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் அட்டவணையில் 'தந்தை' என்று எழுதியிருந்ததுதான் காரணம். தாய்மார்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், தாயையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்றது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படியெல்லாம் படிக்க முடியாது, வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்ற பக்கம் போனது. 2024 அக்டோபரில் மக்களவை திருத்தத்தை நிறைவேற்றியது. பேத்தியின் கல்லூரித் தோழி ஒருத்தி சிங்கப்பூரில் பிரசவத்துக்குக் காத்திருந்த நேரமாம்; வாட்ஸாப் குழுவில் அன்று இரவெல்லாம் ஒரே கொண்டாட்டம்.

நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசாங்க உதவியோடு நடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைச் சொல்லி வியக்காமல் திரும்புவதில்லை, நானும் வியந்தேன். பேத்தியின் பள்ளி ஒரு காலத்தில் தோட்டத்துப் பள்ளி. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1920-களின் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியபோது, பல இடங்களில் கிராணியே வாத்தியார், மாட்டுக்கொட்டகையே வகுப்பு. பாட்டி மூன்றாம் வகுப்போடு நின்றவர். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தேன். சேலையும் பஞ்சாபியுமாக ஒரே பெண்கள். ஓர் ஆண் ஆசிரியர் மூலையில் விளையாட்டுப் போட்டிக்குச் சட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான்காம் வகுப்பில் பேத்தி பாடம் எடுப்பதைப் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். வினாவைத் தமிழில் கேட்டால் தமிழில் பதில். பையன்கள் தங்களுக்குள் பேச்சை மலாய்க்கு மாற்றிக்கொண்டார்கள், பந்து விளையாட்டுப் பேச்சு. ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அவன் மலாய்ல பேசுறான்" என்று காட்டிக்கொடுத்தாள். பேத்தி அந்தப் பையனைத் திட்டவில்லை. காட்டிக்கொடுத்தவளை உட்காரச் சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "பொண்ணுங்களத்தான் எல்லாரும் தமிழ்ப் போலீஸாக்கி வெச்சிருக்காங்கக்கா. வீட்ல பிள்ளைக்குத் தமிழ் வரலன்னா அம்மாவத்தான் கேப்பாங்க. அப்பா மலாய்ல பேசுனா அது வேலை, அம்மா இங்கிலீஷ்ல பேசுனா அது திமிரு."

முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966-இல் கூடியது கோலாலம்பூரில்தான். தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு அதைக் கூட்டினார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் தமிழுக்கு மேடைப் பஞ்சம் இருந்ததே இல்லை. மேடையில் தமிழை வாழவைக்கும் ஆண்களையும், ஆறாம் வகுப்புக்குள் அதைப் பிள்ளையின் வாயில் வைத்துவிடும் பெண்களையும் ஒரே நாளில் பார்த்தால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது. இது பந்திங்கின் குற்றம் மட்டும் இல்லை. மதுரையில் என் மகள் பள்ளியிலும் இதே ஆசிரியர் அறைதான், இதே ஆண்டு விழா மேடைதான். அங்கே பழகிவிட்டதால் கண்ணில் படவில்லை.

நான் இருந்த வாரத்தில் ஊர்க் கோயில் ஒன்றில் திருவிழா. முந்தின இரவு பதினொரு மணிக்கும் பேத்தி கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். கோயில் தலைவரின் உரை. மூன்று வருஷமாக இவள்தான் எழுதிக்கொடுக்கிறாளாம். 'அகன்ற' என்று ஒரு சொல் வந்தது; அதை அழித்துவிட்டுப் 'பெரிய' என்று போட்டாள். "அவருக்கு அது வாயில வராதுக்கா, போன வருஷம் ரெண்டு தடவ முட்டிக்கிட்டாரு." ஒரு ஆணின் வாய்க்கு எது வரும், எது வராது என்று தெரிந்து ஒரு பெண் உட்கார்ந்து எழுதுகிறாள். பாட்டி சொல்லாத பேரைப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரவு தலைவர் நன்றாகவே வாசித்தார். இளைய தலைமுறைப் பெண்கள் தாய்மொழியைக் கைவிட்டுவிடக் கூடாது என்ற இடத்தில் கைதட்டல் வாங்கினார். அந்த வரி எழுதிக்கொடுத்ததில் இல்லை, தானாகச் சேர்த்தது என்று பேத்தி என் காதோரம் சொன்னாள். நன்றியுரையில் சாப்பாட்டுக்கு மகளிர் பிரிவு, ஒலிபெருக்கிக்கு இளைஞர் பிரிவு, பந்தலுக்கு இன்னார் என்று வரிசையாக வந்தது. உரைக்கு யாரும் வரவில்லை. அத்தை சத்தமாகவே "போடோ" என்றார். மலாயில் முட்டாள் என்று அர்த்தம்.

ஊர் திரும்பிய பிறகு பேத்தியிடமிருந்து குரல் செய்தி. அடுத்த வருஷத்துக்கும் எழுதித் தரச் சொல்லித் தலைவர் கேட்டிருக்கிறார். "எழுதித் தர்றேன் ஐயா, ஆனா மேடையில நானே வாசிக்கிறேன்னு சொன்னேன்க்கா. கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்னாரு. கமிட்டி மினிட்ஸ் எழுதுறதும் நான்தான்."